அவன் போயிட்டான்

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள், வக்கீலம்மா. இந்த வீட்டில் சர்க்கரையைக் குறைத்து ரொம்ப நாளாயிற்று. சமையல் செய்கிறவருக்கு அதுவே பழகிப்போய் வருகிறவர்களுக்கும் அப்படியே போட்டுவிடுகிறார். பால் மட்டும் நம் எருமைப் பால், அதில் குறை இருக்காது.

நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டீர்கள். என் குழுவில் ஆடிய ரஜ்ஜியின் உடம்பில் குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் ஏறியிருக்கின்றன. நச்சத்தர் சிங் உட்கார்ந்திருந்ததோ கல்யாண மண்டபத்தின் மறுகோடியில், ஜிலேபி பிழியும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டிருந்தால் குண்டுகள் நாலாபக்கமும் சிதறியிருக்கும். அப்படியானால் மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். பட்டிண்டா கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அந்த மனிதர், "என் துப்பாக்கிதான், நான்தான்" என்று தலையைக் குனிந்துவிட்டார்.

திங்கட்கிழமை சண்டிகரில் அவருடைய அப்பீல் வருகிறது. அவருக்கு நெஞ்சு சரியில்லை, இன்னொரு குளிர்காலத்தை ஜெயிலில் தாங்க மாட்டார் என்கிறீர்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எனக்கு வருகிற வரிசையில் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் என் பழைய பெயர். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அப்பா வைத்த பெயர் குல்பிந்தர் சிங். வீட்டில் பிந்தா. மேடையேறிய பிறகு ஜனங்கள் பிந்தா பாரூத் என்று ஆக்கிவிட்டார்கள். பாரூத் என்றால் வெடிமருந்து. நான் அதைப் பெருமையாகக் கையில் பச்சை குத்திக்கொண்டேன். பிறகு அழிக்கப் போனபோது பெயர் போய்விட்டது, தோலில் ஒரு வெளுப்பு மட்டும் நிற்கிறது. அதனால்தான் வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

பெயர் வரக் காரணம் ஒரு பாட்டு. நீங்களும் ஏதாவது கல்யாணத்தில் கேட்டிருப்பீர்கள், கேட்காமல் பஞ்சாபில் இந்த மால்வா பக்கம் வளர முடியாது. நீ திரும்பிப் பார்க்காவிட்டால் வானத்தைச் சுடுவேன் என்று ஒருத்தன் ஒரு பெண்ணிடம் சொல்கிற பாட்டு. ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது வரி முடிந்ததும் ஒரு வெடிச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டமே காத்திருக்கும். மேடையில் அந்த நேரத்துக்குப் புகையைக் கிளப்புவோம். என் குழுவில் ஆடுகிற ஐந்து பெண்களும் நெஞ்சில் கையை வைத்துச் சரிந்து, அடுத்த தாளத்துக்கு எழுந்துவிடுவார்கள். வரிகளைப் படித்துப் பார்த்தால் இப்போது எனக்கே காது கூசுகிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தப் பாட்டை எடுத்ததும் சொந்தக்காரர்களில் மரியாதைக்குரிய ஒருவர் தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருவார். தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் நீட்டுவார். பாடகன் அதை வாங்கி உயர்த்திப் பிடிப்பான். சத்தம் ஸ்பீக்கரில் வரும். வாங்காமல் விட்டால் அந்தக் குடும்பத்துக்கே அவமானம். வாசலில் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று போர்டு தொங்கும், துப்பாக்கிக்காரர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பாடகன் கையிலிருப்பது காலித் துப்பாக்கி என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

நச்சத்தர் சிங் மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றைக்குக் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டார், பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற நிலைமைக்கு வந்திருந்தார். நான் மேக்கப் போட்டுக்கொண்டிருந்த அறைக்குள் துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"ஏய் பாரூத், துப்பாக்கி துப்பாக்கின்னு பாடுறியே, என்னைக்காவது ஒண்ணைச் சுட்டிருக்கியா?"

"அதெல்லாம் நிறையச் சுட்டாச்சு மாமா."

"பொய். கையைக் காட்டு. இது பவுடர் போடற கை. எங்க பேரன் தீபாவளிக்குச் சுடற துப்பாக்கி கூட உன் கையில கனக்கும்."

அங்கே கண்ணாடி முன்னால் ரஜ்ஜி வளையல் மாட்டிக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. "மாமா, அண்ணன் கையில நிஜத் துப்பாக்கியெல்லாம் குடுத்துடாதீங்க. அவர் குறி பார்த்தா வானம் தப்பிச்சுடும், சாமியானா செத்துடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டோச்சி, அதாவது என் மானேஜர், சிரித்துச் சிரித்து இருமவே ஆரம்பித்துவிட்டான்.

நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று இருந்தது. எவ்வளவு அற்பமான விஷயம் பாருங்கள். ஊரெல்லாம் வெடிமருந்து என்று கூப்பிடுகிறவனை, தன்னிடம் கூலிக்கு ஆடுகிற பெண் கேலி செய்துவிட்டாள். நான் எழுந்துபோய் நச்சத்தர் சிங்கின் காதில் சொன்னேன்: "மாமா, இன்னைக்குத் தோட்டாவை எடுக்காதீங்க. அப்படியே குடுங்க." அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

ஆமாம், நான்தான் கேட்டேன். அவர் தானாகச் செய்யவில்லை.

பாட்டு வந்தது. துப்பாக்கி வந்தது. ஒரு கையில் மைக், ஒரு கையில் துப்பாக்கி, கட்டையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். கூரையைப் பார்த்துச் சுடுவதுதான் எண்ணம். காலித் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவது வேறு, ஒற்றைக் கையால் அழுத்தப் போகும்போது அது இவ்வளவு கனத்துக் குழல் தாழும் என்று எனக்குத் தெரியாது, அவர் சொன்னது சரிதான், நான் அதுவரை தோட்டா போட்ட துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மூன்றாவது வரி முடிந்தது. புகை கிளம்பியது. பாட்டில் வெடிக்கிற அதே இடத்தில் நானும் அழுத்தினேன். தாளம் தப்பவில்லை. ரஜ்ஜியும் தாளம் தப்பாதவள். அவள் சுற்றி வந்து நிற்க வேண்டிய இடம் எனக்கு முன்னால், இரண்டு எட்டுத் தள்ளி. சரியாக அங்கே வந்து நின்றாள். நெஞ்சில் கை வைத்துச் சரிந்தாள். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது.

அடுத்த தாளத்துக்கு நாலு பெண்கள் எழுந்தார்கள்.

டோச்சி வழக்கம்போல என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக் கீழே கொடுத்துவிட்டான், நச்சத்தர் சிங் வழக்கம்போல அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் டோச்சி தரையைப் பார்த்தான். புகை அடங்குவதற்குள் அவளைக் கைத்தாங்கலாக இழுத்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். மற்றப் பெண்களிடம் மயக்கம் என்று சொன்னான். நான் பாடிக்கொண்டிருந்தேன். வாய் தானாகப் பாடுகிறது, எத்தனை கல்யாணத்தில் பாடிய பாட்டு. அந்தச் சரணம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது, ஆனால் சுருதி விலகவில்லை என்று வீடியோ பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. ஒருவனுக்குத் தொண்டையாவது அடைத்திருக்க வேண்டாமா?

நீங்கள் குறித்துக்கொண்டே இருங்கள், நான் நிதானமாகத்தான் சொல்கிறேன்.

நச்சத்தர் சிங் சுட்டதைத் தங்கள் கண்ணால் பார்த்ததாகச் சொந்தக்காரர்கள் சாட்சி சொன்னார்கள் அல்லவா, அது உண்மை. அவர் சுட்டார். ஆனால் கூரையைச் சுட்டார், அதுவும் பிறகு. எப்படி என்று சொல்கிறேன். பாட்டு முடிகிற நேரத்தில் திரை ஓரத்திலிருந்து டோச்சி என்னைப் பார்த்துக் கையைத் திருகிக் காட்டினான். வேன் சாவி, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. அன்று நானே வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன், சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. பின்வாசலில் அந்த வேன் நின்றதால் வேறு எந்த வண்டியும் வெளியே போக முடியாது. அவன் திரும்பத் திரும்பக் கையைத் திருகினான். இந்தப் பக்கம் கூட்டம், இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கத்தியது.

சாவியை எறிந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இறங்கிப் போனாலும் பார்ப்பார்கள். பாடினால் பார்க்க மாட்டார்கள். நான் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

முதல் வரியிலிருந்து பாடினேன். ஒரே நிறப் பாவாடை கட்டிய பெண்களில் யார் இருக்கிறாள், யார் இல்லை என்று யார் எண்ணுகிறார்கள்? மூன்றாவது வரி வந்ததும் நச்சத்தர் சிங் உட்கார்ந்த இடத்திலிருந்து மிச்சமிருந்த தோட்டாவை உற்சாகத்தில் மேலே விட்டார். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ரஜ்ஜி செத்தது அந்தச் சத்தத்தில் என்று டோச்சி போலீஸிடம் சொன்னான், அதற்கு முன்பே அவள் பின்னறையில் தரையில் கிடந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். வீடியோக்காரனின் மெமரி கார்டையும் அவன்தான் வாங்கி மறைத்துவிட்டான். வெளியே சுற்றுகிற போன் வீடியோக்களில் புகை மட்டும்தான் இருக்கிறது. டோச்சி இப்போது கனடாவில் லாரி ஓட்டுகிறான். பேசிக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். "இவ்வளவு நேரம் எங்கப்பா வெச்சிருந்தீங்க?" என்றார். நான் வழியெல்லாம் டிராஃபிக் என்றேன்.

வெட்கம் என்பது எப்படிப்பட்டது என்றால், வக்கீலம்மா, அது உடனே வருவதில்லை. முதலில் பயம்தான் வந்தது. நச்சத்தர் சிங் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். தெளிந்து எழுந்தபோது அவர் நினைவில் நின்றது ஒன்றே ஒன்றாம், தான் தோட்டாவை எடுக்கவில்லை என்பது. யார் எடுக்காதே என்றது என்பது நினைவில்லை. எடுக்காதவன் நான், சுட்டதைப் பார்த்தவர்கள் இத்தனை பேர், பிறகு வேறு யார் என்று கையைக் கட்டிக்கொண்டாராம். பயம் போன பிறகுதான் வெட்கம் வந்து உட்கார்ந்தது. மேடையேற முடியவில்லை. மூன்றாவது வரி வரும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நிகழ்ச்சிகளை ரத்து செய்தேன். குடியை விட்டேன். சர்க்கரையை விட்டேன். ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பாட்டை எழுதினேன்.

"அவன் போயிட்டான்." அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பம் கிடையாது, ஒற்றைப் பாட்டு. மேளமில்லை, வெடியில்லை, தும்பி என்கிற எங்கள் ஊர் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மட்டும் மீட்டிக்கொண்டே பாடியது. 'அவன் போயிட்டான் அம்மா, கதவைத் திற, வந்திருக்கிறது நான்.' பிந்தா பாரூத் என்ற பெயரை அந்தப் பாட்டோடு விட்டேன், வெறும் குல்பிந்தர் என்று போட்டுக்கொண்டேன். துப்பாக்கிப் பாட்டு பாடிப் பாடித்தான் ஒரு பெண் செத்தாள், இனி பாட மாட்டேன் என்று பேட்டியில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. பையன்கள் தங்கள் கையில் குத்திய பச்சையை அழித்து எனக்குப் போட்டோ அனுப்பினார்கள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். குருத்துவாராவில் என் அம்மாவின் பக்கத்தில் உட்காரப் பெண்கள் போட்டி போட்டார்கள்.

வீடியோவில் ஒரு தாய் கதவைத் திறக்க வேண்டும். நடிகை யாரையாவது போடலாம் என்றேன். இயக்குநர்தான் ரஜ்ஜியின் அம்மா ஜஸ்மேல் கௌரைக் கேட்கலாமே என்றார். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. அந்த அம்மா துணி தைத்துப் பிழைக்கிறவர், இஸ்திரி போட்ட துப்பட்டாவோடு வந்தார். கதவைத் திறந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்று இயக்குநர் திரும்பத் திரும்பத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை என் கன்னத்துக்கு வந்தது. தையல் ஊசி குத்திய விரல்கள், சொரசொரவென்று இருந்தன. நடுவில் காமிரா நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"மகனே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தப் பாட்டு முழுசும் ஆடினாளா அவ? பாதியிலேயேவா...?"

"முழுசும் ஆடினா, அம்மா."

"அதானே பார்த்தேன். எதையும் பாதியில விடற பொண்ணு இல்ல அவ. ஒரு சட்டை தைக்கக் குடுத்தாலும் பட்டன் வரைக்கும் வெச்சுட்டுத்தான் எந்திரிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ மனசுல எதுவும் வெச்சுக்காத. நீ பாடினே, அவ்வளவுதான். பாடினது குத்தமா?"

அடுத்த டேக் ஓகே ஆகிவிட்டது. நான் அழுதது நிஜ அழுகை என்று எல்லோரும் எழுதினார்கள், அது நிஜம்தான். ஜனங்கள் பார்ப்பது அந்த டேக்கைத்தான். நான் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. யாராவது டீக்கடையில் போட்டால் எழுந்துவிடுவேன்.

ஜெயிலுக்கும் போனேன். கைதிகளுக்குப் பாட அழைத்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நச்சத்தர் சிங்கிடம் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். பாட்டு முடிந்ததும் அவரே என்னைத் தேடி வந்தார். தாடி முழுக்க வெளுத்து, பாதி ஆளாக இருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தினமும் காலையில உன் பாட்டுதான் இங்க ரேடியோவுல முதல்ல வரும், தெரியுமா? எல்லாப் பயலும் கூடப் பாடுவானுங்க. நானும் பாடுவேன், என் குரல் பஸ் ஹாரன் மாதிரி இருக்கும்னு சிரிப்பானுங்க."

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நான் சொல்றேன் கேளு. வந்த புதுசுல தூக்குல தொங்கிடலாம்னு இருந்தேன். ஒரு பொண்ணைக் கொன்ன கை இது. சோறு இறங்கல. உன் பாட்டைக் கேட்டப்புறம்தான், சரி, அந்தக் குடிகாரன் போயிட்டான், இது வேற ஆளுன்னு ஒரு பிடி சாப்பிட்டேன். நீ மட்டும் பாடலேன்னா நான் இல்லப்பா. என்ன சொல்லணும்னே?"

"உடம்பைப் பார்த்துக்கங்க" என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். அதை எழுதியது யார் என்று அவரிடம் அந்த இடத்தில் போட்டு உடைப்பது நியாயமா? அவருக்காகத்தான் சும்மா இருந்தேன்.

அவ்வளவுதான். ரஜ்ஜியைச் சுட்டது நச்சத்தர் சிங் இல்லை. தோட்டாவை எடுக்காமல் விடச் சொன்னது, சுட்டது, அவள் மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது சாவியைப் பையில் வைத்துக்கொண்டு அதே பாட்டை மறுபடி பாடியது, எல்லாம் ஒரே ஆள். இதை முழுசாக ஒருவரிடம் சொன்னது இன்றைக்குத்தான். முகத்தைத் தூக்கி உங்களைப் பார்க்க முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். டீயைக் கூட நீங்கள் தொடவில்லை, ஆடை படர்ந்துவிட்டது. வேறு போடச் சொல்லட்டுமா?

சரி, காகிதத்தைக் கொடுங்கள். எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் பேனா போதும்.

ஒன்றே ஒன்று, இதைச் செய்தவன் பெயர் சரியாக இருக்க வேண்டும். பிந்தா பாரூத் என்றுதான் எழுதுவேன், கையெழுத்தும் அப்படியே. கோர்ட்டில் குல்பிந்தர் சிங், தகப்பன் பெயர், ஆதார் எண் எல்லாம் கேட்பார்கள் என்கிறீர்கள். பாரூத் என்ற பெயரில் எந்தப் பதிவிலும் ஆள் இல்லை, திங்கட்கிழமை இந்தக் காகிதத்தை ஜட்ஜ் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் குல்பிந்தர் என்ன செய்தான், சொல்லுங்கள். அவன் குடிப்பதில்லை, துப்பாக்கியைத் தொடுவதில்லை, இன்றுவரை ஒரு எறும்பை மிதித்ததில்லை. சின்னப் பிள்ளைகள் அவனைப் பார்த்துத் திருந்துகிறார்கள். அவன் பெயரை இதில் இழுத்தால் அவனுக்குக் கதவைத் திறந்த ரஜ்ஜியின் அம்மாவின் கை கூடச் சுட்டுப்போகும். பாவம் செய்தவனை விட்டுவிட்டு, பாவமே அறியாத ஒருத்தனை உள்ளே போடுவதைத்தானே நீங்கள் தப்பு என்று சொல்லி வழக்காடுகிறீர்கள்?

இந்தாருங்கள், கையெழுத்துப் போட்டாயிற்று. அவனைத் தேடிப் பிடித்து என்ன தண்டனை வேண்டுமானாலும் வாங்கிக்கொடுங்கள், வக்கீலம்மா. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.